கிரிசோபெரில்லுஸ்: ஓர் இலத்தீன் மணிப்பெயரும் வைடூரியம் பற்றிய பொருள்மயக்கமும்

முன்னுரை

நவமணிகளுள் ஒன்றாகிய வைடூரியத்திற்கு இன்று நாம் கூறும் பொருள் 'பூனைக்கண்' என்பதாகும். நகை வணிகர் கேதுவுக்குரிய கல்லாக விற்பதும் இதுவே. பள்ளி, கல்லூரி வகுப்புகளில் பழம்பாடல்களுக்கு உரை கூறும்போது ஆசிரியர் பலரும் தரும் விளக்கமும் இதுவே. கனிமவியலார் இக்கல்லைக் கிரிசோபெரில் எனும் கனிமத்தின் ஒரு வகையாகக் கொள்வர். கிரிசோபெரில் எனும் பெயரோ 'கிரிசோபெரில்லுஸ்' எனும் இலத்தீன் வடிவில், கி.பி. முதல் நூற்றாண்டு உரோமானிய அறிஞர் மூத்த பிளினியின் நூலில் இந்தியக் கல்லொன்றின் பெயராகக் காணப்படுகிறது.

இம்மூன்று செய்திகளும் தனித்தனியே உண்மையானவை. ஆயினும் இவற்றை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, 'நம் வைடூரியமாகிய பூனைக்கண்ணைப் பிளினி கிரிசோபெரில்லுஸ் என்று குறித்தார்' என முடிவு கட்டினால் அது பிழையாகும். பெயர் ஒன்றாக இருப்பினும் அது சுட்டும் கல் இடையில் மாறிவிட்டது. அம்மாற்றம் எப்போது, எவ்வாறு நிகழ்ந்தது என்பதையும், அது தமிழ் இலக்கியச் சொற்பொருள் விளக்கத்தை எவ்வாறு பாதிக்கிறது என்பதையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

பிளினியின் குறிப்பு

பிளினி 'இயற்கை வரலாறு' எனும் தம் பெருநூலைக் கி.பி. 77-இல் தீத்துஸுக்குப் படைத்தார். கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது அவர் உயிர் துறந்தார். முப்பத்தேழு பகுதிகளைக் கொண்ட இந்நூலின் இறுதிப் பகுதி மணிகளைப் பற்றியது. அதில் மரகதத்தைக் குறிக்கும் 'ஸ்மராக்துஸ்' எனும் கல்லை விரிவாகப் பேசிய பின்னர், அவர் 'பெரில்லுஸ்' எனும் கல்லை எடுத்துக்கொள்கிறார்.

பெரில்லுஸ் மரகதத்தை ஒத்த இயல்புடையது எனப் பலர் கருதுவதாகவும், அது இந்தியாவில் விளைவது, பிற இடங்களில் அரிதாகவே கிடைப்பது என்றும் பிளினி கூறுகிறார். பின்னர் அதன் வகைகளை நிறத்தால் தரவரிசைப்படுத்துகிறார். தூய கடல்நீரின் பசுமையை ஒத்தது முதற்றரம். அதற்கு அடுத்ததே கிரிசோபெரில்லுஸ். அது சற்று வெளிறியது. ஆனால் அதன் ஒளி பொன்னிறத்தை நோக்கிச் செல்வது. கிரேக்கத்தில் 'கிரிசோஸ்' என்பது பொன்னைக் குறிக்கும். ஆகவே இப்பெயரைத் தமிழில் 'பொற்பெரில்' எனலாம். மூன்றாவதாக வைக்கப்படுவது இன்னும் வெளிறிய 'கிரிசோபிராசுஸ்'. அதன்பின் நீலமணிச் சாயலுடையது, வானிறமுடையது, மெழுகுநிறமுடையது, ஒலிவ எண்ணெய் நிறமுடையது ஆகியவை இடம்பெறுகின்றன. பளிங்கு போன்று நிறமற்றது கடைசியில் நிற்கிறது.

ஈண்டு ஒன்றை ஊன்றி நோக்குதல் வேண்டும். கிரிசோபெரில்லுஸ் என்பதைப் பிளினி தனிக் கல்லாகக் கருதவில்லை. பெரில்லுஸ் எனும் ஒரே இனத்தின் நிறவேறுபாடுகளுள் ஒன்றாகவே அதனை வைக்கிறார். ஆதலால் பெரில்லுஸ் எது என்பது தெளிவானால் கிரிசோபெரில்லுஸ் எது என்பதும் தெளிவாகிவிடும்.

அறுபட்டையும் நீளமும்

பண்டைய மணிப்பெயர்களை இன்றைய கனிமங்களோடு பொருத்துவது எளிதன்று. நிறம் ஒன்றையே சான்றாகக் கொண்டால் பச்சைக் கல் எதுவும் மரகதமாகிவிடும். பெரில்லுஸைப் பொறுத்தவரை நிறத்தினும் உறுதியான சான்றுகளைப் பிளினி விட்டுச் சென்றுள்ளார்.

முதலாவது, வடிவம். பெரில்லுஸ் கற்கள் யாவும் கைவினைஞரால் அறுபட்டையாகத் தீட்டப்படுகின்றன என்றும், மங்கலான அவற்றின் நிறம் பட்டைகளின் விளிம்பில் ஒளி பட்டுத் திரும்பும்போதுதான் உயிர்பெறுகிறது என்றும் அவர் எழுதுகிறார். ஆயினும் அக்கற்கள் இயல்பிலேயே பட்டைகளுடன் பிறக்கின்றன எனக் கருதுவோர் உண்டு என்பதையும் அவர் சேர்த்துக் குறிக்கிறார். இன்று பெரில் எனப்படும் கனிமம் அறுகோணத் தூண் வடிவில் படிகமாவது. எனவே அந்தச் 'சிலர்' கூறியதே இயற்கைக்குப் பொருந்துவதாகும்.

இரண்டாவது, நீளம். இந்தியர் இக்கல்லின் நீளத்தில் பெருமகிழ்ச்சி கொள்கின்றனர் என்றும், பொன்னில் பதிக்காது அணியத்தக்க ஒரே கல்லாக இதனைக் கருதித் துளையிட்டு யானை மயிரில் கோத்துக்கொள்கின்றனர் என்றும் பிளினி கூறுகிறார். குறையற்ற கற்களைத் துளையிடாமல், இரு முனைகளிலும் பொற்குமிழ் பொருத்துவதே முறை என்றும், நீளத்திற்கே மதிப்பு மிகுதியாதலால் உருளை வடிவில் செய்ய விரும்பினர் என்றும் அவர் மேலும் விளக்குகிறார். நீண்ட தூணாக வளரும் பெரிலுக்கு இவ்விவரம் முற்றிலும் பொருந்துகிறது. பூனைக்கண் கல்லின் நிலை வேறு. கோடுபோன்ற ஒளி தெரியவேண்டுமாயின் அதனைக் குவிந்த முகடாகத் தீட்டியாக வேண்டும். பட்டை தீட்டினால் அதன் சிறப்பே மறைந்துவிடும்.

மூன்றாவது சான்று பிளினியின் மௌனமாகும். பூனைக்கண் கல்லைக் காண்போர் எவரும் முதலில் கவனிப்பது கல்லைத் திருப்பும்போது அதனுள் நகரும் ஒளிக்கோட்டையே. கிரிசோபெரில்லுஸைப் பற்றிய குறிப்பில் அத்தகைய செய்தி ஏதுமில்லை. பிளினி அத்தகைய தோற்றத்தை அறியாதவரும் அல்லர். அதே பகுதியில் 'அஸ்தேரியா' எனும் வேறொரு கல்லைப் பேசும்போது, அது கண்மணி போன்ற ஒளியைத் தன்னுள் அடக்கியது என்றும், சாய்க்கும்போது அவ்வொளி உள்ளே நடந்து செல்வதுபோல் இடம் மாறுகிறது என்றும் வருணிக்கிறார். நகரும் ஒளியை இவ்வளவு நுட்பமாக எழுதத் தெரிந்தவர், கிரிசோபெரில்லுஸிலும் அதனைக் கண்டிருந்தால் எழுதாது விட்டிருப்பாரா? ஆகவே பிளினியின் கிரிசோபெரில்லுஸ் என்பது மஞ்சள் சாயல் கொண்ட பெரிலே என்று கொள்வது பொருத்தமுடையது.

பிளினிக்குப் பின்

பெரில்லுஸ் எனும் பெயர் இலத்தீன் இலக்கியத்தில் பரவலாகவே பயின்றுள்ளது. புரொப்பெர்த்தியுஸின் பாடலொன்றில் இறந்த காதலியின் விரலில் இம்மணி காட்சி தருகிறது. யுவெனாலின் அங்கதப் பாடலில் செல்வர் வீட்டுக் கிண்ணங்களில் இது பதிக்கப்பட்டுள்ளது. ஆனால் கிரிசோபெரில்லுஸ் எனும் கூட்டுப்பெயர் அரிதாகவே வழங்கியது. பிளினியைப் பெரிதும் தழுவி எழுதிய சொலீனுஸ் அதனை எடுத்தாண்டார். பின்னர் செவில் நகரத்து ஆயர் இசிதோர் தம் சொற்பிறப்பு நூலில் அதற்கு இடமளித்தார். கி.பி. 636-இல் மறைந்த இசிதோர், வெளிறிய பசுமை பொன்னிறமாக மின்னுவதால் இப்பெயர் வந்தது என்றும், இதனையும் இந்தியாவே அனுப்புகிறது என்றும் விளக்கினார். பிளினியின் பொருளே ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின்னும் மாறாதிருந்தமையை இதனால் அறிகிறோம்.

இசிதோர் கூறும் மற்றொரு செய்தி நமக்கு மேலும் இன்றியமையாதது. பெரில்லுஸ் தான் பிறந்த நாட்டு மக்களின் மொழியிலிருந்தே பெயர் பெற்றது என்று அவர் எழுதுகிறார். அம்மொழி எதுவென அவர் சொல்லவில்லை. அவ்வினாவே பெயரின் பிறப்பை நோக்கி நம்மை இட்டுச் செல்கிறது.

பெயரின் பிறப்பும் கொங்குநாட்டுச் சான்றும்

இலத்தீன் பெரில்லுஸ் கிரேக்க 'பேரில்லோஸ்' என்பதன் வடிவம். அதற்கு மூலமாகப் பாலியின் 'வேளுரிய', பிராகிருதத்தின் 'வேருலிய' ஆகிய வடிவங்களை மொழியியலார் காட்டுவர். வடமொழியில் இதுவே 'வைடூரிய' ஆகும். பாணினி இச்சொல்லை 'விதூர' எனும் இடப்பெயரிலிருந்து தருவிக்கிறார். பதஞ்சலியோ தம் பேருரையில் இதற்கு ஒரு தடை எழுப்புகிறார். இக்கல் விதூரத்தில் பிறப்பதன்று, வாலவாயம் எனும் மலையில் பிறந்து விதூரத்தில் தீட்டப்படுவது என்பது அவர் காட்டும் செய்தி. கல் எடுக்கும் இடமும் தீட்டும் இடமும் வேறாக இருந்தமையையும், பெயர் தீட்டும் ஊரைச் சார்ந்து அமையக்கூடும் என்பதையும் இது புலப்படுத்துகிறது.

வேளுரிய எனும் வடிவம் வேளூர், பேளூர் போன்ற தென்னிந்திய ஊர்ப்பெயரிலிருந்தோ, வெண்மை அல்லது வெளிறுதலைக் குறிக்கும் திராவிட வேரிலிருந்தோ தோன்றியிருக்கலாம் என்று கருதும் அறிஞர் உளர். ஒலியளவில் இக்கருத்து இசைவுடையது. ஆயினும் இதனைக் கொண்டு 'பெரில் தமிழ்ச்சொல்லே' என வகுப்பறையில் அறுதியிட்டுக் கூறுவது முறையாகாது. கருதுகோளைக் கருதுகோளாகவே மாணவரிடம் வைத்தல் வேண்டும்.

சொல்லைக் காட்டிலும் மண் தரும் சான்று வலிமையானது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி தம் புவிநூலில் 'புன்னாட' எனும் உள்நாட்டு ஊரைக் குறித்து, அங்குப் பெரில் கிடைப்பதாக எழுதினார். இதனை மைசூருக்குத் தெற்கிலுள்ள புன்னாட்டுடன் அறிஞர் ஒப்பிடுவர். கொங்குநாட்டில் காங்கேயத்தை அடுத்த படியூரில் பெரில் வெட்டியெடுக்கப்பட்டமை அறியப்பட்ட செய்தியாகும். நொய்யலாற்றின் வடகரையிலுள்ள கொடுமணலில் 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தினர் நடத்திய அகழாய்வுகளில் பெரில், நீலம், பளிங்கு, சூதுபவளம் முதலிய கற்கள் மூலக்கற்களாகவும் அரைகுறையாகத் தீட்டப்பட்ட மணிகளாகவும் கிடைத்தன. பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில் கிழாரும் நல்ல அணிகலன்களுக்குப் பெயர்பெற்ற ஊராகக் குறிக்கும் கொடுமணம் இவ்வூரே என்பர். கோவை வட்டாரத்தில் மிகுதியாகக் கிடைத்துள்ள உரோமானியக் காசுகளையும் இவற்றோடு சேர்த்து நோக்கினால், பிளினி அறிந்த இந்தியப் பெரிலின் ஒரு பகுதியேனும் கொங்குநாட்டிலிருந்து மேலைக் கடற்கரைத் துறைகளின் வழியே சென்றிருத்தல் கூடும் எனலாம்.

பெயர் இடம் மாறியமை

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிவரை கிரிசோபெரில்லுஸ் நூல்களில் மட்டுமே வாழ்ந்த பெயராக இருந்தது. 1790-ஐ ஒட்டி, ஜெர்மானியக் கனிமவியலார் வெர்னர், பிரேசிலிலிருந்து வந்த மஞ்சட்பச்சைக் கல்லொன்றுக்குக் கிரிசோபெரில் எனப் பெயரிட்டார். பழைய பெயர் புதிய கல்லுக்கு உரியதாயிற்று. பிரெஞ்சு அறிஞர் ஹாய், அலைபோல் மிதக்கும் ஒளியைக் கருதி அதே கனிமத்திற்கு 'சைமோபேன்' என வேறு பெயர் இட்டார். அப்பெயர் பின்னர் அக்கனிமத்தின் பூனைக்கண் வகைக்கு மட்டும் உரியதாகச் சுருங்கியது.

வெர்னரின் கல் பெரில் அன்று. பெரில் என்பது பெரிலியம், அலுமினியம், சிலிக்கன், ஆக்சிஜன் ஆகிய நான்கும் சேர்ந்த சிலிக்கேட்டு. கிரிசோபெரிலில் சிலிக்கன் இல்லை. அது பெரிலியமும் அலுமினியமும் சேர்ந்த ஆக்சைடு. படிக அமைப்பும் வேறு. கடினத்தன்மையில் பெரில் 7.5 முதல் 8 வரை அமைய, கிரிசோபெரில் 8.5 ஆகும். ஒப்படர்த்தியில் பெரில் ஏறத்தாழ 2.7, கிரிசோபெரில் ஏறத்தாழ 3.7. கையில் எடுத்தாலே பின்னதன் கனம் தெரியும்.

இங்கு வியத்தகு பொருத்தம் ஒன்றும் உண்டு. மரகதமும் பெரிலும் ஒத்த இயல்புடையன எனப் பிளினி காலத்தவர் எண்ணியது 1798-இல் மெய்யாயிற்று. வோக்லன் இரண்டிலும் அதுவரை அறியப்படாத ஒரே தனிமத்தின் ஆக்சைடைக் கண்டார். 1828-இல் வோலரும் புஸ்ஸியும் தனித்தனியே பிரித்தெடுத்த அத்தனிமமே, பெரில்லுஸின் பெயரால் பெரிலியம் எனப்படுகிறது. கிரிசோபெரிலிலும் அத்தனிமம் இருப்பது பின்னர்த் தெரியவந்தது. ஆகவே நிறத்தைப் பார்த்து வெர்னர் இட்ட பெயர் கல்லின் இனத்தைப் பிழையாகக் காட்டினாலும் அதன் உட்பொருளில் ஒரு கூறைத் தற்செயலாகச் சரியாகவே சுட்டிற்று. பிளினியின் உண்மையான பொற்பெரிலுக்கோ அதன் பழம்பெயர் திரும்பவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நமீபியாவில் கிடைத்த பொன்னிறப் பெரிலுக்கு 'ஹீலியோடோர்' எனும் புதுப்பெயர் வழங்கலாயிற்று.

இத்தகைய இடமாற்றம் இவ்வொரு பெயருக்கு மட்டும் நேர்ந்ததன்று. பிளினி பெரிலின் மூன்றாம் வகையாக வைத்த கிரிசோபிராசுஸ் இன்று நிக்கலால் பச்சை நிறம் பெற்ற கால்செடனியைக் குறிக்கிறது. அவருடைய 'சப்பீருஸ்' இன்றைய நீலமணியன்று. அது இலாபிசு லாசுலி எனும் கல். பெயர் தொடர்ந்து வருவதால் பொருளும் தொடர்ந்து வருகிறது எனக் கொள்ள இயலாது என்பதற்கு இவை போதிய சான்றுகளாம்.

வைடூரியத்தின் பயணம்

இலத்தீனில் நேர்ந்ததே இந்திய மொழிகளிலும் ஆசிய மொழிகளிலும் நேர்ந்துள்ளது. அர்த்தசாத்திரம் வைடூரியத்தின் வகைகளைக் கூறும்போது நீலோற்பல நிறம், நீர்நிறம், மூங்கில்நிறம், கிளிச்சிறகு நிறம் முதலியவற்றை அடுக்குகிறது. இவ்வரிசையைப் பிளினியின் வரிசையோடு ஒப்பிட்டால் கடல்நிறமும் வானிறமும் வெளிர்பச்சையும் கொண்ட பெரிலே நினைவுக்கு வருகிறது. ஆயின் 1899-இல் வெளிவந்த மோனியர் வில்லியம்சின் வடமொழி அகராதி இச்சொல்லுக்குப் பூனைக்கண் எனப் பொருள் தருகிறது. இடைப்பட்ட காலத்தில் நவமணி, நவகோள் தொடர்பு நிலைபெற்றதும், இலங்கையின் இரத்தினபுரிப் பகுதி ஆற்றுப்படிவுகளில் சிறந்த பூனைக்கண் கற்கள் கிடைத்து வந்ததும் இவ்வழக்கு வேரூன்றத் துணைசெய்திருக்கலாம்.

இச்சொல் வடக்கே சென்று திபெத்திய மரபில் இலாபிசு லாசுலியைக் குறித்தது. சீனத்தில் 'லியூலி' என வடிவம் மாறி, காலப்போக்கில் கண்ணாடியையும் மெருகோட்டையும் குறிக்கலாயிற்று. மேற்கே ஜெர்மன் மொழியில் மூக்குக்கண்ணாடியைக் குறிக்கும் 'பிரில்லெ' எனும் சொல் பெரில்லுஸிலிருந்து பிறந்தது. தெளிந்த கல்லை உருப்பெருக்கியாகப் பயன்படுத்திய வழக்கே இதற்குக் காரணம். நாம் நாள்தோறும் புழங்கும் மலாய் மொழியிலும் இச்சொல் 'பைடூரி' என வாழ்கிறது. அங்கு அது ஓப்பல் கல்லைச் சுட்டப் பெரிதும் பயன்படுகிறது. பூனைக்கண்ணுக்கு மலாயில் 'மாத்தா கூச்சிங்' எனும் தனிப்பெயர் உண்டு. ஆக, ஒரே மூலத்திலிருந்து கிளைத்த பெயர் தமிழில் பூனைக்கண்ணாகவும், திபெத்தில் நீலக்கல்லாகவும், சீனத்தில் கண்ணாடியாகவும், மலாயில் ஓப்பலாகவும் வழங்குகிறது. மலாயும் தமிழும் ஒருங்கே கற்கும் நம் மாணவர்க்குச் சொற்பொருள் மாற்றத்தை விளக்க இதனினும் தக்க எடுத்துக்காட்டு அரிது.

சிலப்பதிகாரத்தை எவ்வாறு கற்பிப்பது?

இவ்வாய்வின் பயன் பாடம் நடத்தும் இடத்திலேயே புலப்படும். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் மதுரை மணிவீதியை வருணிக்கும் இளங்கோவடிகள், குற்றமற்ற கதிரொளியும் தெளிந்த தேனின் நிறமும் உடையதாக ஒரு மணியைக் காட்டுகிறார். உரைகாரர் இதனை வைடூரியம் என்பர். இதனைப் படிக்கும் இன்றைய ஆசிரியர், தேன்நிறம் என்றதும் தேன்நிறப் பூனைக்கண்ணை எண்ணிக்கொள்வது இயல்பு.

ஆனால் அடிகள் கூறுவன இரண்டே: ஒளி, நிறம். நகரும் கோட்டைப் பற்றியோ விலங்கின் கண் எனும் உவமையைப் பற்றியோ அவ்வடியில் சொல்லில்லை. கதிரொளியும் தேன்நிறமும் பொன்னிறப் பெரிலுக்கும், அதாவது பிளினியின் கிரிசோபெரில்லுஸுக்கும், குறைவின்றிப் பொருந்துவன. 'தெளிந்த' எனும் அடை உள்ளே ஊடுருவிப் பார்க்கத்தக்க கல்லுக்கே மிகுதியும் ஏற்கும். பூனைக்கண்ணின் ஒளிக்கோடு கல்லினுள் இணையாக நிறைந்த நுண்ணிய ஊசிகளால் விளைவது. அந்நிறைவே அக்கல்லைச் சற்று மங்கலாக்குகிறது. கொங்குநாட்டில் பெரில் தீட்டப்பட்டமைக்குரிய அகழாய்வுச் சான்றையும் கருதினால், இவ்விடத்தில் பெரில் என்னும் விளக்கத்திற்கே வலு மிகுதி. நிறத்தை மட்டும் கூறும் ஓரடியைக் கொண்டு பூனைக்கண்ணை அறவே விலக்கிவிட முடியாது என்பதும் உண்மையே. எனினும் 'வைடூரியம்: பூனைக்கண்' என ஒற்றைச் சொல்லில் பொருள் எழுதுவது, பிற்கால வழக்கொன்றை முற்காலப் பாடலின்மேல் ஏற்றுவதாகும்.

முடிவுரை

கிரிசோபெரில்லுஸ் எனும் அரிய இலத்தீன் பெயர் பிளினியிடத்தும் இசிதோரிடத்தும் பொன்சாயல் பெற்ற இந்தியப் பெரிலைக் குறித்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அது வேறொரு கனிமத்திற்கு மாற்றப்பட்டது. வைடூரியம் எனும் நம் சொல்லும் பெரிலிலிருந்து பூனைக்கண்ணுக்கு இடம்பெயர்ந்தது. இவ்விரு நகர்வுகளும் தனித்தனியே நிகழ்ந்து, இறுதியில் ஒரே கல்லின்மீது வந்து நின்றமையால், தொடக்கம் முதலே அவை ஒன்றைத்தான் குறித்தன என்னும் மயக்கம் எழுகிறது.

ஆகவே பழம்பாடல்களுக்குக் குறிப்பு எழுதும் ஆசிரியர், 'வைடூரியம்: நவமணிகளுள் ஒன்று, பண்டு பெரில் வகைக் கல்லையும், பிற்காலத்தில் பூனைக்கண்ணையும் குறித்த பெயர்' என எழுதுவது நலம். மொழிபெயர்ப்பாளரும் நூலின் காலத்தை நோக்கியே பிறமொழிச் சொல்லைத் தெரிவுசெய்தல் வேண்டும். பவளம், முத்து போன்றவற்றில் பெயரும் பொருளும் பிரியாதிருக்கலாம். பிற மணிகளில், கல்லின் வடிவம், தீட்டும் முறை, கிடைத்த இடம் ஆகிய மூன்றும் சான்று பகர்ந்த பின்னரே பெயருக்குப் பொருள் உரைப்பது தக்கதாகும்.